மருத்துவ அறையில் இடக்கரடக்கல்: சிறுநீர், இனப்பெருக்க உறுப்பு நோய்களின் தமிழ்ப்பெயர்கள்



மருத்துவ மாணவர்க்குரிய பாடப்பகுதி ஒன்றை மொழி அவையில் எடுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. சிறுநீர் உறுப்புகளிலும் இனப்பெருக்க உறுப்புகளிலும் தோன்றும் நோய்களை அறிய, கருவிகளுக்கும் முன்னே மருத்துவருக்குத் துணையாவது நோயாளியின் வாய்மொழி. எங்கே வலிக்கிறது, எப்போது எரிகிறது, எத்தனை நாளாக என்பதை நோயாளி சொல்ல வேண்டும். மருத்துவர் அதைத் திரிபின்றி விளங்கிக்கொள்ள வேண்டும். கண்ணையும் காதையும் பற்றித் தடையின்றிப் பேசும் நாம் இவ்வுறுப்புகளைப் பற்றிப் பேசும்போது மட்டும் தயங்குகிறோம். அத்தயக்கத்தின் இலக்கணத்தையும் விளைவையும் இன்று காண்போம்.

தகுதி வழக்கை நன்னூலார் மூன்றாக வகுத்தார். அவற்றுள் ஒன்று இடக்கரடக்கல். 'கால் கழுவி வந்தான்' என்பது நாம் பள்ளியில் கற்ற எடுத்துக்காட்டு. அவருக்கு முன்னரே தொல்காப்பியர், அவையில் சொல்லத் தகாத சொல்லை 'அவையல் கிளவி' என்றார். அதை மறைத்துச் சொல்லுமாறு விதித்தார். இங்கு இரண்டு செய்திகளைக் கருதவேண்டும். ஒன்று, அவ்விதியின் எல்லை அவை. மருத்துவ அறை அவையன்று. அங்கே மறைத்துச் சொல்வது நாகரிகமாகாது, நோய்க்கு இடங்கொடுப்பதாகும். மற்றொன்று, வழக்கில் மருவி நிலைத்துவிட்ட சொற்களை மறைக்க வேண்டுவதில்லை என்று தொல்காப்பியரே விலக்கும் அளித்தார். 'சிறுநீர்' என்பதே ஒரு காலத்தில் மறைத்துச் சொல்லப் பிறந்த சொல்தான். இன்று அது பாடநூற்சொல்லாகிவிட்டது, எவரும் கூசுவதில்லை. ஆகவே, பழக்கம் கூச்சத்தைக் கரைக்கும் என்பதற்கு நம் மொழியிலேயே சான்று இருக்கிறது.

இனி, மக்கள் வழக்கைப் பார்ப்போம். நீர்க்கடுப்பு, நீரடைப்பு, கல்லடைப்பு, வெள்ளை, வெட்டை, பெரும்பாடு, சூதகவலி, விரைவீக்கம் எனப் பெயர்கள் பலவுள. இவை பெரும்பாலும் நோயாளி உணரும் குறியைக் கூறுவன; நோயின் காரணத்தைக் கூறுவன அல்ல. இவ்வேறுபாட்டை மருத்துவ மாணவர் முதலில் மனங்கொள்ள வேண்டும்.

'நீரடைப்பு' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். 'நீர் பிரியவில்லை' என்று ஒரு முதியவர் சொல்கிறார். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தும் வெளியேற வழியின்றித் தேங்கியிருக்கலாம். வயது முதிர்ந்த ஆடவர்க்குப் புராஸ்டேட் சுரப்பி பெருத்தலால் இது நேர்வதுண்டு. அல்லது, சிறுநீரகமே நீரை உண்டாக்காமல் ஓய்ந்திருக்கலாம். முன்னதில் குழாய் செலுத்தினால் நீர் வெளியேறித் துன்பம் தணியும். பின்னதில் குழாயில் வருவதற்கு நீரே இராது. இரண்டும் அவசரநிலைகள், இரண்டுக்கும் மருத்துவம் வேறு. மக்கள் இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டுவது குற்றமன்று. ஆனால் கலைச்சொல் அவற்றைப் பிரித்தாக வேண்டும். முன்னதைச் 'சிறுநீர்த் தேக்கம்' என்றும், பின்னதைச் 'சிறுநீரின்மை' என்றும் வழங்கினால் மயக்கம் தீரும்.

'வெள்ளை' என்பதும் அவ்வாறே. பெண்ணுடலில் இயல்பாகச் சுரக்கும் நீர்மத்துக்கும், பூஞ்சைத் தொற்றால் வரும் கசிவுக்கும், உடலுறவால் பரவும் மேகவெட்டைக்கும் இச்சொல் பொதுவாக வழங்கியிருக்கிறது. மலாய்மொழியில் 'கெபுத்திஹான்' என்பதும் 'வெண்மை' என்னும் பொருளுடைய 'பூத்தே' என்பதன் அடியாகப் பிறந்ததே. நிறத்தைக் கண்டு பெயரிடுவது இருமொழிக்கும் பொது. 'வெட்டை' என்பதற்கோ வெப்பம் என்றும் பொருள். நீர் எரிந்து பிரிந்தால் 'உடல்சூடு' என்று சொல்லி இளநீரும் மோரும் பருகிக் காத்திருப்போர் பலர். தொற்று மேலேறிச் சிறுநீரகத்தை அடைந்து, குளிர்காய்ச்சலும் விலாவலியும் கண்ட பின்னரே மருத்துவமனைக்கு வருவோரும் உளர். கருவுற்ற பெண்ணுக்கு இக்காலத்தாழ்வு மேலும் கேடு தரும். ஒரு சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் கருத்து, நோயாளியின் நடையைத் தடுக்க வல்லது என்பதற்கு இது சான்று.

அறிஞர் ஆக்கிய சொற்களும் குறையற்றவை அல்ல. சிறுநீரகத்திற்குப் பழந்தமிழ் வழக்கு 'குண்டிக்காய்'. மலாய்க்காரர் அதைப் 'புவா பிங்காங்', அதாவது இடுப்புக்கனி என்பர். இருமொழியாரும் அவ்வுறுப்பை ஒரு காயாக, கனியாகக் கண்டது வியப்புக்குரியது. 'குண்டி' என்பது கூச்சந்தரும் சொல்லானமையால் 'குண்டிக்காய்' ஒதுங்கியது, 'சிறுநீரகம்' நிலைத்தது. ஆயினும் 'சிறுநீரின் இல்லம்' என்னும் பொருள், நீரை உண்டாக்கும் உறுப்பைவிடத் தேக்கிவைக்கும் பைக்கே பொருந்தும். மாணவர் இரண்டையும் மாறிக்கொள்வதற்கு இச்சொல்லமைப்பும் இடந்தருகிறது. புராஸ்டேட் சுரப்பியை இலங்கைத் தமிழர் 'முன்னிற்குஞ்சுரப்பி' என்றனர். கிரேக்க மூலச்சொல்லும் முன்னிற்பது என்றே பொருள்படும். தமிழகத்திலோ 'ஆண்மைச் சுரப்பி' என்றும் எழுதுகின்றனர். அதில் அறுவை என்றதும் ஆண்மையே போய்விடும் என்று நோயாளி அஞ்சினால், அச்சத்தை விதைத்தது சொல்லேயன்றோ?

சொல் புண்படுத்தவும் செய்யும். 'மலடி' என்னும் வசை நம் சமூகத்தில் எத்தனை பெண்களை நலிவித்தது! அதன் ஆண்பால் வடிவமாகிய 'மலடன்' அத்துணை வழக்குப் பெறவில்லை. பாதுகாப்பு முறையின்றி, ஒழுங்கான உடலுறவு இருந்தும் 12 மாதங்களுக்குள் கருத்தரிக்காமையை உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நோய்நிலையாகவே வரையறுக்கிறது. காரணம் ஆணிடமும் இருக்கலாம், பெண்ணிடமும் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம். 'குழந்தைப்பேறின்மை' என்னும் சொல் பழியை நீக்கி இருவரையும் மருத்துவரிடம் அழைத்துவருகிறது.

இத்தகைய சொற்சிக்கல்களை எதிர்கொண்டவர் ஒருவர் நமக்கு முன்னோடியாக இருக்கிறார். அமெரிக்கரான சாமுவேல் கிறீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், 1860-களில் தமிழுக்கு மாறினார். ஆங்கிலத்தில் கற்றோர் சம்பளப் பதவி நாடி வெளியேறினர். ஊர்மக்களோடு இருந்து தொழில் செய்ய வல்லவர் தமிழில் கற்றவரே என்று அவர் கருதினார். 'பிரசவ வைத்தியம்' 1857-இலும், 'இரண வைத்தியம்' 1867-இலும், 'மனுஷ அங்காதிபாதம்' 1872-இலும் வெளிவந்தன. தமிழ்ச்சொல் கிடைப்பின் அதை முதலிற் கொள்வது, இல்லையேல் வடசொல்லை நாடுவது, அதுவும் இல்லையேல் ஆங்கிலச்சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப எழுதுவது என்பது அவர் நெறி. கருப்பையையும் பேற்றையும் பற்றிய ஒரு நூல் அவருடைய தொடக்ககால வெளியீடுகளுள் இடம்பெற்றது கருதத்தக்கது. கூச்சம் அவருக்குத் தடையாகவில்லை.

நம் பினாங்கின் நிலை வேறு. இங்குத் தமிழ்வழிக் கல்வி தொடக்கப்பள்ளியோடு முடிகிறது. 1996-இல் நிறுவப்பெற்ற பினாங்கு மருத்துவக் கல்லூரியின் மாணவர், அடிப்படைப் பாடங்களை அயர்லாந்தில் பயின்று, நோயாளர் படுக்கையருகே பெறும் பயிற்சியை ஜார்ஜ்டவுனில் பெற்றனர். பாடநூல் ஆங்கிலம், நோயாளியோ மலாய், ஹொக்கியன், தமிழ் என மும்மொழியினர். 'அடி இறங்குது' என்று ஒரு மூதாட்டி தாழ்ந்த குரலில் சொன்னால், அது கருப்பை இறக்கம் என்று அறியும் செவி நம் பிள்ளைகளுக்கு வேண்டாவா? உடன்வந்த பேரன் மொழிபெயர்க்க நேர்ந்தால், அம்மூதாட்டி அதையும் சொல்லாமல் வீடு திரும்புவார்.

ஆதலின் இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். மருத்துவ மாணவர்களே, கலைச்சொற்பட்டியலை இரு பத்தியாக அமையுங்கள்: ஒன்றில் நூற்சொல், மற்றொன்றில் நோயாளியின் சொல். கேட்பதற்கு மக்கள்சொல்லையும், பிரித்தறிந்து எழுதுவதற்கு நூற்சொல்லையும் கொள்ளுங்கள். ஆசிரியப் பெருமக்களே, உடலுறுப்புப் பாடம் வரும்போது பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கருப்பை, விரை, சிறுநீர்ப்பை என்னும் சொற்களை, நுரையீரல் என்று சொல்லும் அதே குரலில் சொல்லுங்கள். பத்து வயதில் இயல்பாகக் கேட்ட சொல்லை அறுபது வயதில் மருத்துவரிடம் சொல்ல நா கூசாது.

இடக்கரடக்கல் நம் மொழியின் பண்பாடு. அது அவையில் வாழட்டும். மருத்துவ அறையில் வாழவேண்டியது தெளிவு.