இருபொருள் கூடுமிடத்துத் தகைவு
(பொறியியல் மாணாக்கர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

  

ஒரு மீட்டர் நீளமுள்ள எஃகுப் பட்டை ஒன்றையும் அலுமினியப் பட்டை ஒன்றையும் எண்ணிக் கொள்ளுங்கள். வெப்பநிலை 50 செல்சியசு பாகை ஏறினால், தனியே கிடக்கும் அலுமினியம் ஏறத்தாழ 1.15 மில்லிமீட்டர் நீளும், எஃகோ 0.6 மில்லிமீட்டரே நீளும். இரண்டையும் இறுக ஒட்டிச் சூடேற்றினால் ஒன்று இழுக்கும், மற்றொன்று தடுக்கும். வெளியிலிருந்து எவரும் தொடாமலே உள்ளே விசை பிறக்கும், பட்டை வளையும். இவ்வளைவைத் திமோசெங்கோ 1925-இல் கணக்கிட்டுக் காட்டினார். கற்காரைக்குள் எஃகுக் கம்பி பிணக்கின்றி நிற்பதற்கு ஒரு கரணியம், அவ்விரண்டின் வெப்ப விரிவும் ஏறத்தாழ ஒத்திருப்பதே.

இவ்வாறு உள்ளே எழுந்து எதிர்த்து நிற்கும் விசையை, ஓரலகுப் பரப்பிற்கு இவ்வளவு என அளப்பதே தகைவு. தகைதல் என்றால் தடுத்தல். இதனை 'அழுத்தம்' என்றெழுதுவோரும் உளர். அழுத்தம் என்பது தள்ளுதலையே சுட்டும். தகைவோ இழுப்பிலும் உண்டு, சறுக்கலிலும் உண்டு. திசைக்குத் திசை வேறுபடும். சொல் தடுமாறினால் கருத்தும் தடுமாறும்.

வடிவம் சிக்கலான பொருளை வரம்புடைய சிறுசிறு கூறுகளாகப் பகுத்து, அவை சேரும் கணுக்களின் பெயர்ச்சியைக் கண்டு, அதிலிருந்து திரிபையும் தகைவையும் பெறுவதே வரம்புறு கூற்று முறை. முக்கோணக் கூறுகளைக் கொண்டு கூரண்டு 1943-இல் இதற்கு வித்திட்டார். கிளஃபு 1960-இல் பெயரிட்டார். இன்று கணிப்பொறி இக்கணக்கை விரைந்து முடித்து, நிறப்படமாகவும் தீட்டித் தருகிறது. ஆயினும் இருபொருள் கூடுமிடத்தில் அந்நிறப்படம் இரு வகையில் ஏமாற்றக் கூடும்.

முதலாவது, நிரவல். ஒட்டிய பட்டையை நீளவாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு இழுத்து நீட்டுக. இடைமுகத்தின் எஃகுப் பக்கத்தில் தகைவு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 200 நியூட்டன். அலுமினியப் பக்கத்தில் 70. நீட்சி ஒன்றே, எஃகின் விறைப்பு ஏறத்தாழ மும்மடங்காதலின் தகைவு தாவுகிறது. பொதுக் கணுவில் கணிப்பொறி இரண்டையும் நிரவி 135 எனக் காட்டினால், அவ்வெண் எஃகிற்கும் பொருந்தாது, அலுமினியத்திற்கும் பொருந்தாது. இடைமுகத்தைக் கடந்து தொடர வேண்டியவை, அம்முகத்திற்குச் செங்குத்தான தகைவும் சறுக்குத் தகைவுமே. நீளவாட்டுத் தகைவைப் பொருள்தோறும் தனித்தனியே காண வேண்டும்.

இரண்டாவது, ஓரம். இடைமுகம் வெளிப்புறத்தைத் தொடும் விளிம்பில், பெரும்பாலான பொருளிணைகளுக்கு, கூறுகளைச் சிறிதாக்குந்தோறும் தகைவு ஏறிக்கொண்டே போகும், ஓரெண்ணில் நில்லாது. வேறுபட்ட இருபொருள்களின் இடையேயுள்ள பிளவின் முனையிலும் இவ்வாறே என்பதை வில்லியம்சு 1959-இல் நிறுவினார். ஆங்கே கிடைக்கும் பேரெண்ணைப் பொருளின் வலிமையோடு ஒப்பிட்டு 'முறியும்', 'முறியாது' எனத் தீர்ப்புரைப்பது அறியாமை. பிளவு விரியுங்கால் விடுபடும் ஆற்றலைக் கணக்கிட்டு, ஒட்டின் தாங்குதிறனோடு ஒப்பிடுவதே நெறி.

இளையோரே! எண்ணைக் கணிப்பொறி தரும். அதனை ஏற்பதா தள்ளுவதா என்பதை உள்ளம் தீர்மானிக்க வேண்டும். உள்ளம் தெளிவது தாய்மொழியில். அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியலும் எந்திரப் பொறியியலும் 2010-இல் தமிழ்வழி தொடங்கப்பெற்றன. அவ்வழி தழைக்க மேடை முழக்கம் மட்டும் போதாது. தகைவு, திரிபு, கணு, இடைமுகம் என்னும் சொற்கள் நும் ஆய்வேட்டிலும் வரைபடத்திலும் பட்டறைப் பேச்சிலும் நாள்தோறும் வழங்குதல் வேண்டும். ஒரு பாலத்தின் பொருத்து ஏன் பிளந்தது என்று கேட்கும் உழவனுக்கு, அவன் மொழியிலேயே விடை சொல்லும் பொறிஞன் நமக்கு வேண்டும். அப்பொறிஞர் நீவிரே ஆகுக!

வாழ்க தமிழ்! வளர்க அறிவியல்!