மணி கட்டியவர் பெயர் எங்கே?

1937-இல், அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகச் சைக்ளோட்ரானில் துகள் அடி வாங்கிய மாலிப்டினத் தகடு ஒன்று தபாலில் சிசிலித் தீவின் பலெர்மோ நகருக்குப் போய்ச் சேர்ந்தது. எமிலியோ செக்ரேயும் கார்லோ பெரியரும் அதில் 43ஆம் தனிமத்தைக் கண்டார்கள். மனிதன் செய்த முதல் தனிமம். டெக்னீசியம் என்ற பெயர் கிடைக்கவே பத்தாண்டு ஆயிற்று. 1940-இல் நெப்டியூனியம், அடுத்து புளூட்டோனியம். யுரேனஸுக்கு அப்பால் கோள்கள் நின்ற வரிசையிலேயே பெயரும் நின்றது.

1955-இல் பெர்க்லியில் 101ஆம் தனிமம். நூறு கோடி ஐன்ஸ்டைனிய அணுக்களைத் தங்கத் தகட்டில் ஏற்றி ஆல்ஃபா துகளால் அடித்தார்கள். கிடைத்தவை 17 அணுக்கள்! குழுவிலிருந்த ஆல்பர்ட் கியோர்சோ கருவியோடு தீயணைப்பு மணியை இணைத்துவிட்டார். அணு சிதையச் சிதைய மணி அடித்தது. தீயணைப்புத் துறைக்குச் சேதி போனதும் மணி நின்றது. பனிப்போர் நடுவே, அரசின் அனுமதி கேட்டு, அமெரிக்கர்கள் அதற்கு தனிம அட்டவணை தந்த ரஷ்யரான மெண்டலீவின் பெயரைச் சூட்டினார்கள்.

அந்தப் பெருந்தன்மை 104-இல் தீர்ந்துபோனது. சோவியத்தின் துப்னா ஆய்வகம் 1964-இல் உரிமை கோரி, சோவியத் அணுகுண்டுத் திட்டத் தலைவர் பெயரில் குர்ச்சாத்தோவியம் என்றது. பெர்க்லி 1969-இல் ரூதர்ஃபோர்டியம் என்றது. 105-க்கும் இதே கதை: அங்கே நீல்ஸ்போரியம், இங்கே ஹானியம். ஒரு பிள்ளைக்கு இரண்டு வீட்டில் இரண்டு பெயர்!

1994-இல் பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் பஞ்சாயத்துக்கு வந்தது. உயிரோடிருப்பவர் பெயர் கூடாது என்று 106-இலிருந்து அமெரிக்க வேதியியலாளர் சீபோர்க்கை நீக்கப் பார்த்தது. அமெரிக்க வேதியியலார் கொதித்தார்கள். 1997-இல் சீபோர்கியம் நிலைத்தது. 104 ரூதர்ஃபோர்டியம், 105 துப்னியம், 109 மைட்னேரியம். அணுப்பிளவுக்கு விளக்கம் தந்தவர்களில் ஒருவர் லீசே மைட்னர். 1944ஆம் ஆண்டின் வேதியியல் நோபலோ ஓட்டோ ஹானுக்கு மட்டும். பரிசு வாங்கியவர் பெயர் அட்டவணையில் இல்லை, வாங்காதவர் பெயர் இருக்கிறது.

மணி கட்டிய கியோர்சோ? 95 முதல் 106 வரை பன்னிரண்டு தனிமங்களின் கண்டுபிடிப்பில் பங்கு அவருக்கு. நாடு, ஊர், ஆய்வகம் எல்லாம் அட்டவணையில் ஏறின, அவர் ஏறவில்லை. 2010-இல் காலமானார். 2016-இல் நான்கு பெயர்கள் ஒன்றாக ஏறின: நிஹோனியம், மாஸ்கோவியம், டென்னசீன், ஓகனெசான். கடைசிப் பெயருக்குரிய துப்னாவின் யூரி ஓகனேசியான் அப்போது உயிரோடிருந்தார். ஒன்றியம் அந்தப் பழைய ஆட்சேபத்தை எழுப்பவே இல்லை.