நானே கழற்றி வைத்த பூட்டு

(திருக்கழுக்குன்றம் ஒன்றியப் பகுதி அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கான கணினிப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் பி.எட். முடித்த அறிவியல் ஆசிரியர். கணினி நான் படித்த பாடமல்ல. பள்ளியில் யாராவது ஒருவர் ஆய்வகச் சாவியை வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நிலையில் என் கைக்கு வந்து சேர்ந்த வேலை அது. எனவே வல்லுநராக இங்கே நிற்கவில்லை. ஒரு தவறு செய்தேன், மூன்று மாதம் அது எனக்கே தெரியவில்லை. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

எங்கள் ஆய்வகத்தில் பழைய கணினி ஒன்றில் உபுண்டு லினக்ஸ் போட்டு, வினா வங்கியும் நூலகப் பதிவேடும் வைத்திருந்தோம். தரவுகள் மைஎஸ்க்யூஎல் என்ற சேவையில் இருந்தன. லினக்ஸில் இப்படிப் பின்னணியில் ஓசையின்றி ஓடும் நிரலை டீமன் என்பார்கள். “பேயா சார்?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். இயற்பியல் ஆசிரியர்களுக்குத் தெரிந்த பேய்தான் அது: மூலக்கூறுகளைப் பிரித்து அனுப்பும் வாயிற்காவலனாக மேக்ஸ்வெல் கற்பனை செய்தாரே, அதிலிருந்துதான் 1960களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இந்தப் பெயரை எடுத்தார்கள்.

காலாண்டுத் தேர்வு நேரத்தில் வட்டு நிரம்பிவிட்டது. புதிய வட்டு ஒன்றைப் பொருத்தி, மைஎஸ்க்யூஎல் தரவுகளை அதற்கு மாற்றினேன். சேவை தொடங்கவில்லை. ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று ஒரே வரி. கோப்புறையின் உரிமையாளரைச் சரியாக மாற்றியிருந்தேன். பழைய இடத்திலிருந்து புதிய இடத்துக்கு ஒரு குறுக்கிணைப்பு போட்டுப் பார்த்தேன். அதுவும் பலிக்கவில்லை. மறுநாள் காலை தேர்வு. வினாத்தாள் உள்ளே இருக்கிறது.

தெரிந்த ஒருவரைத் தொலைபேசியில் கேட்டேன். இரண்டு யோசனை சொன்னார். ஒன்று, வட்டு முழுவதற்கும் சிஎச்மோட் 777 கொடுங்கள், அதாவது எல்லோரும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம். இரண்டு, ஆப்ஆர்மர் என்று ஒன்று ஓடும், மைஎஸ்க்யூஎல்லுக்கு மட்டும் அதை நிறுத்திவிடுங்கள். இரண்டையும் செய்தேன். ஓடியது. தேர்வும் நடந்தது. நன்றி சொல்லிவிட்டு மறந்துபோனேன்.

நான் நிறுத்தியது என்ன என்று பிறகுதான் படித்தேன். நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. என் வகுப்பில் பல பிள்ளைகளின் அப்பாவோ மாமாவோ அணுமின் நிலையத்திலோ ஆராய்ச்சி மையத்திலோ ஒப்பந்த வேலை செய்கிறார்கள். கழுத்தில் பாஸ் தொங்கும். வீட்டுச் சாவி விஷயம் வேறு. அது உங்களுடையது, பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். லினக்ஸின் சாதாரண அனுமதி முறை இந்த வகை. கோப்பின் உரிமையாளர் நினைத்தால் யாருக்கும் திறந்துவிடலாம். பாஸ் அப்படியல்ல. உள்ளே வேலை செய்யும் பொறியாளரே “வா தம்பி” என்று கூப்பிட்டாலும், வாயிலில் நிற்கும் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை வீரர் விடமாட்டார். விதியை எழுதியவர் வேறொருவர். அழைப்பவரின் விருப்பம் அங்கே செல்லாது. இதற்குக் கட்டாய அணுகல் கட்டுப்பாடு என்று பெயர்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. கல்பாக்கத்தின் முதல் அணு உலை 1983 ஜூலையில் இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை கணினிப் பாதுகாப்புக்கான தர நூல் ஒன்றை வெளியிட்டது. அட்டையின் நிறத்தால் அதை ஆரஞ்சுப் புத்தகம் என்பார்கள். இந்தக் கட்டுப்பாட்டை இலக்கணமாக எழுதி வைத்தது அந்த நூல். இரண்டுக்கும் தொடர்பு எதுவும் கிடையாது. ஆண்டு நினைவில் நிற்கட்டுமே என்று சொன்னேன்.

லினக்ஸில் இது இரண்டு வடிவங்களில் பரவலாக இருக்கிறது. எஸ்இலினக்ஸ் அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையிலிருந்து 2000 டிசம்பரில் வெளிவந்தது. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு முத்திரை ஒட்டி, அதைப் பார்த்து முடிவெடுக்கும். உங்கள் சட்டைப்பையில் உள்ள ஆண்ட்ராய்டு கைபேசியில் 2014இல் வந்த 5.0 பதிப்பிலிருந்து அது முழுமையாக இயங்குகிறது. மற்றது ஆப்ஆர்மர். இது முத்திரை ஒட்டுவதில்லை, கோப்பின் முகவரியைப் பார்க்கும். லினக்ஸ் கருவில் 2010இல் சேர்ந்தது. நம் மாணவர்களின் விலையில்லா மடிக்கணினியில் பாஸ் லினக்ஸ் இருந்ததே, சென்னை சி-டாக் உருவாக்கியது, அதற்கு அடிப்படை டெபியன். டெபியனில் 2019இல் வந்த 10ஆம் பதிப்பு முதல் ஆப்ஆர்மர் தானாகவே இயங்குகிறது. ஆக, நாம் கேட்காமலேயே காவலர் வந்து நிற்கிறார். நான் வீட்டுக்கு அனுப்பியது அவரைத்தான்.

அரையாண்டுத் தேர்வுக்குச் சில நாள் முன்பு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி வந்தாள். வினா வங்கியின் தேடல் பெட்டியில் ஒற்றை மேற்கோள் குறி போட்டுவிட்டாளாம், திரையில் என்னென்னவோ வந்ததாம். “நான் எதுவும் கெடுக்கல சார்” என்று பயத்தோடு சொன்னாள். அவள் கெடுக்கவில்லை. அந்தப் பக்கத்தை எழுதியவன் நான். வெளியிலிருந்து வரும் எழுத்தை வடிகட்டாமல் அப்படியே தரவுத்தளத்துக்கு அனுப்பியிருந்தேன். தெரிந்த ஒருவர் அந்தப் பெட்டி வழியாகவே உள்ளே கட்டளை இடலாம்.

அன்று மாலை உட்கார்ந்து யோசித்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. 777 கொடுத்த அதே வட்டில் இன்னொரு கோப்புறை இருந்தது. மாணவர் விவரம். பெற்றோர் கைபேசி எண், சாதிச் சான்று, வங்கிக் கணக்கு, யார் வீட்டில் அப்பா இல்லை என்பது வரைக்கும். உதவித்தொகைக்காகச் சேகரித்தவை. எந்த நிரலை ஏமாற்றினாலும் அந்தக் கோப்புறையைப் படிக்கலாம் என்ற நிலையை மூன்று மாதம் நானே வைத்திருந்தேன். பதிவேடுகளைப் புரட்டினேன். யாரும் புகுந்த தடயம் இல்லை. அது அதிர்ஷ்டம், வேறொன்றும் இல்லை.

சரிசெய்த விதத்தைச் சொல்கிறேன். முதலில் தேடல் பக்கத்தைத் திருத்தினேன். மாணவர் விவரங்களை அந்தக் கணினியிலிருந்தே எடுத்துவிட்டேன். 777ஐ நீக்கினேன். பிறகு ஆப்ஆர்மர்.

ஒவ்வொரு சேவைக்கும் ஒரு விதிக்கோப்பு உண்டு. எதெல்லாம் செய்யலாம் என்பது மட்டும் அதில் இருக்கும். எழுதாததெல்லாம் தடை. மைஎஸ்க்யூஎல்லின் விதிக்கோப்பில் பழைய தரவு இடத்தின் முகவரி இருந்தது, புதிய வட்டு இல்லை. அவ்வளவுதான் அன்றைய பிரச்சினை! குறுக்கிணைப்பு ஏன் பலிக்கவில்லை என்பதும் அப்போது புரிந்தது. ஆப்ஆர்மர் இணைப்பின் பெயரைப் பார்ப்பதில்லை, அது போய்ச் சேரும் உண்மையான முகவரியைப் பார்க்கிறது. இவை எல்லாமே கணினியின் பதிவேட்டில் ‘டினைட்’ என்ற சொல்லோடு, எந்த நிரல், எந்தக் கோப்பு, என்ன கேட்டது என்று வரிவரியாக எழுதியிருந்தது. நான் தொலைபேசியை எடுக்கும் முன் அதைப் படித்திருந்தால் பத்து நிமிட வேலை.

சேர்க்க வேண்டியது இரண்டே வரி. கோப்புறையைப் படிக்க ஒரு வரி. உள்ளே இருப்பவற்றைப் படிக்க, எழுத, பூட்ட இன்னொன்று. ஆர், டபிள்யூ, கே என்று மூன்றெழுத்து. ஒரு நட்சத்திரக் குறி போட்டால் அந்த அடுக்கு மட்டும், இரண்டு போட்டால் உட்கோப்புறைகளும் அடங்கும். மூல விதிக்கோப்பில் கை வைக்காமல், ‘லோக்கல்’ என்ற கோப்புறையில் இதற்கென்றே உள்ள கோப்பில் எழுத வேண்டும். அப்போதுதான் மென்பொருள் புதுப்பிக்கும்போது நம் மாற்றத்துக்குச் சிக்கல் வராது. ஒவ்வொரு வரி முடிவிலும் காற்புள்ளி வேண்டும். நான் விட்டுவிட்டேன், விதிக்கோப்பு ஏறவே இல்லை. பிள்ளைகளின் விடைத்தாளில் காற்புள்ளிக்கு வட்டம் போடுகிறவனுக்கு இது தேவைதான்.

உடனே தடையை அமல்படுத்தவில்லை. ஆப்ஆர்மரில் ‘கம்ப்ளெய்ன்’ என்றொரு நிலை உண்டு. விதி மீறினால் தடுக்காது, குறித்து மட்டும் வைக்கும். புதிதாக வந்த மாணவனை முதல் வாரம் கவனிப்போமே, அது மாதிரி. அந்த நிலையில் வைத்து, வினா சேர்த்தேன், நீக்கினேன், காப்புப்படி எடுத்தேன், கணினியை அணைத்துத் திரும்பப் போட்டேன். குறிப்புகளைக் காட்டி ‘அனுமதிக்கவா?’ என்று கேட்கும் கருவி ஒன்று இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று தட்டினால் அது இன்னொரு 777தான். ஒவ்வொன்றையும் இந்தச் சேவைக்கு இது எதற்கு என்று கேட்ட பிறகே அனுமதித்தேன். பிறகு ‘என்ஃபோர்ஸ்’ நிலைக்கு மாற்றினேன்.

சோதனையிலும் ஒருமுறை ஏமாந்தேன். மைஎஸ்க்யூஎல் பயனராக நுழைந்து, வேறொரு கோப்பை ‘கேட்’ கட்டளையால் திறந்தேன். திறந்துவிட்டது! விதி வேலை செய்யவில்லை என்று பதறினேன். உண்மையில் விதி ஆளின் மேல் இல்லை, நிரலின் மேல் இருக்கிறது. கேட் என்பது வேறு நிரல், அதற்கு விதிக்கோப்பு கிடையாது. மைஎஸ்க்யூஎல்லின் தரவு முகவரியையே அனுமதியில்லாத ஒரு காலிக் கோப்புறைக்கு மாற்றிப் பார்த்தேன். தொடங்க மறுத்தது. பதிவேட்டில் ‘டினைட்’. மூன்று மாதம் முன்பு என்னை அலையவிட்ட அதே சொல்லைப் பார்த்து மகிழ்ச்சியாக இருந்தது.

எவ்வளவு விதி எழுதினாலும் பிரித்து வைப்பதற்கு ஈடில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2019இல் கூடங்குளத்தில் ஒரு கணினியில் தீநிரல் கண்டறியப்பட்டதை அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. அது நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு சேர்ந்த வலையமைப்பில் இருந்த கணினி. உலையை இயக்கும் அமைப்பு தனியாக இருந்ததால் பாதிப்பில்லை என்றது கழகம். நம் பள்ளியில் வினா வங்கியும் மாணவர் விவரமும் ஒரே வட்டில் இருக்க வேண்டிய தேவை என்ன? இடம் இருந்தது, வைத்தேன். வேறு காரணமே கிடையாது.

கடைசியாக ஒன்று. வலையமைப்பில் காது கொடுத்துக் காத்திருக்கும் நிரல்களில் எதற்கெல்லாம் விதிக்கோப்பு இல்லை என்று பட்டியலிடும் கட்டளை ஒன்று ஆப்ஆர்மரில் உண்டு. போட்டுப் பார்த்தேன். அந்தத் தேடல் பக்கத்தைப் பரிமாறும் அப்பாச்சி சேவையே பட்டியலில் நின்றது. உபுண்டுவில் அதற்கு இயல்பாக விதி வருவதில்லை. இப்போது அதற்கும் ஒன்று எழுதி, கம்ப்ளெய்ன் நிலையில் வைத்திருக்கிறோம். தினமும் மதிய உணவுக்குப் பிறகு பதிவேட்டைப் படித்து, புதிய வரிகளை ஒரு நோட்டில் எழுதி வைப்பது மேற்கோள் குறி போட்ட அந்த மாணவியின் பொறுப்பு. நேற்றுவரை பதினேழு வரி வந்திருக்கிறது. அதில் நான்கு எதற்கென்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. தெரியும்வரை அனுமதி இல்லை.