காசில் முகம் அழிந்தது. கல்லில் அறம் நின்றது
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



போரின் நினைவை நாணயத்தில் பொறிப்பது நெடுநாளைய வழக்கம். 1965ஆம் ஆண்டுப் போரின் பொன்விழாவிற்கு நம் அரசு 2015இல் ஐந்து ரூபாய் நாணயம் வெளியிட்டதை அறிவோம். ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன்னும் ஒரு வெற்றி இவ்வாறு காசில் ஏறியது. அதனைக் குறித்தே இன்று பேச விழைகின்றோம்.

1906இல் நாசிக்கிற்கு அண்மையிலுள்ள ஜோகல்தெம்பியில் ஏறத்தாழ 13,250 வெள்ளிக் காசுகள் கொண்ட புதையல் கிடைத்தது. அவை சக மரபினனான நகபானன் வெளியிட்டவை. அவன் தலையுருவம் தாங்கியவை. அவற்றுள் 9,000க்கும் மேற்பட்டவற்றின்மீது, அவனை வென்ற சாதவாகன வேந்தன் கௌதமிபுத்திர சாதகர்ணியின் முத்திரை விழுந்திருந்தது. ஒருபுறம் மலைச் சின்னம். மறுபுறம் உச்சயினிக் குறி. காசுகளை உருக்கவில்லை, தோற்றவன் முகத்தின்மேலேயே வென்றவன் குறியை அடித்தனர். நாளிதழ் இல்லாத காலத்தில், ஆட்சி மாறிய செய்தியைக் கைக்குக் கை கொண்டுசென்றது அக்காசே.

ஆயின், காசு வென்றவன் பெயரை மட்டுமே உரைக்கும். எஞ்சியதை உரைப்பது நாசிக்கின் பாண்டவலேணிக் குன்று. அங்கே ஒரு குகையில், சாதகர்ணி பகைவர் குலத்தை வேரறுத்தான் என்று அவன் அன்னை கௌதமி பாலசிறியின் கல்வெட்டு புகழ்கின்றது. அதே குன்றின் மற்றொரு குகையில் நகபானனின் மருமகன் உசவதாதனின் கல்வெட்டு நிற்கின்றது. அவன் 2,000 காசுகளை நெசவாளர் சங்கத்திடம் மாதம் நூற்றுக்கு ஒன்று வட்டிக்கு வைத்தான். ஆண்டு வட்டி 240 காசு. குகையில் மாரிக்காலம் தங்கும் துறவியர் இருபதின்மர்க்கு, ஆளுக்குப் பன்னிரண்டு காசு ஆடைக்கு! ஆறுகளில் கட்டணமில்லா ஓடங்களும் விடுவித்தான்.

சகர் வெளியிலிருந்து இந்நாட்டிற்கு வந்தோர். அவர்தம் ஆட்சி மறைந்தது. காசில் முகமும் சிதைந்தது. வந்த மண்ணுக்குச் செய்த அறம் மட்டும் கல்லில் நிலைத்துவிட்டது. பிழைப்பை நாடி இந்நகருக்கு வந்து, இக்காலனியில் குடியேறிய நாமும் எண்ணிப் பார்த்தற்குரியது இது. நம் பிள்ளைகளுக்குப் போர்களின் ஆண்டுகளைக் கற்பிப்போம். அந்த ஓடங்களின் கதையையும் உடன் கற்பிப்போம்.