தேர்வும் ஒரு நெரைதான்!

(சாலாக் செலாத்தானில் கூடிய தொழிலாளர் குடும்பங்களின் முன் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளம் பற்றிப் பேசத்தான் நாம் வழக்கமாகக் கூடுவோம். இன்று மியூட் எனும் மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வைப் பற்றிப் பேசுகிறோம். இதுவும் நம் பிழைப்பைப் பற்றிய பேச்சே. 1999 முதல் நடைபெற்றுவரும் இத்தேர்வில் துறைக்கு வேண்டிய பேண்ட் இல்லையென்றால், மற்றப் பாடங்களில் கெட்டிக்காரப் பிள்ளைக்கும் பல்கலைக்கழகக் கதவு திறப்பதில்லை.

நம் கதையையே சொல்லுகிறோம். தமிழ்ப்பள்ளியில் படித்து வந்த நாம் இத்தேர்வை எழுதியபோது, கடினமான ஒரு பத்தியோடு மல்லுக்கட்டி நேரத்தைத் தொலைத்தோம். கடைசி எட்டு வினாக்களை வெறுமையாக விட்டோம். தப்பாக எழுதினால் மார்க் கழிப்பார்கள் என்று பயம்! ஒரு பேண்ட் குறைந்தது. விரும்பிய படிப்பு கைநழுவியது.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது? இந்தியாவில் மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வில் சரியான விடைக்கு 4 மார்க். தவறுக்கு 1 மார்க் கழிவு. அங்குள்ள உறவினர் சொல்லும் புத்தி அங்கே சரி. மியூட்டில் தவறுக்குக் கழிவு கிடையாது. ஆகவே ஒரு வினாவையும் வெறுமையாக விடாதீர்கள். எந்தத் தேர்வானாலும் முதலில் அதன் சட்டத்தைப் படியுங்கள்.

இனிக் கணக்கைப் பாருங்கள். கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என நான்கு தாள். 2021 முதல் ஒவ்வொன்றுக்கும் 90 மார்க், மொத்தம் 360. அப்படியானால் பாதி மார்க் காதிலும் வாயிலும் இருக்கிறது! நம் பிள்ளைகளோ இலக்கணப் புத்தகத்தையே கட்டிக்கொண்டு அழுகிறார்கள். தினம் கால்மணி நேரம் ஆங்கிலச் செய்தி கேளுங்கள். கேட்டதை இரண்டு நிமிடம் தம்பி தங்கைகளிடம் சொல்லிக் காட்டுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

வாசித்தலில் 75 நிமிடத்தில் 40 வினா. பத்தியைப் படிக்கும் நேரமும் சேர்த்து, ஒரு வினாவுக்கு இரண்டு நிமிடங்கூட இல்லை. பால் வெட்டுகிறவர் ஒரு மரத்தடியிலேயே நின்றால் நெரை முடியுமா? பால் வராத மரத்தை விட்டு அடுத்த மரத்துக்குப் போகிறோம் அல்லவா? அதுபோல் சிக்கலான வினாவுக்கு ஓர் அடையாளமிட்டு நகருங்கள். பிறகு திரும்பி வாருங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் எல்லா மங்கிலும் பால் விழுந்ததா என்று பார்ப்பதுபோல் விடைத்தாளைப் பாருங்கள்.

எழுதுதலும் 75 நிமிடமே. 100 சொல்லுக்குக் குறையாத கடிதத்துக்கு 25 நிமிடம், 250 சொல்லுக்குக் குறையாத கட்டுரைக்கு 50 நிமிடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கடிதத்தை அழகுபடுத்தப்போய்க் கட்டுரையைப் பாதியில் விட்டவர்கள் பலர்.

பெற்றோர்களே! "எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதே" என்று ஒதுங்காதீர்கள். பழைய வினாத்தாளைப் பிள்ளை எழுதும்போது கடிகாரம் பிடிக்க ஆங்கிலம் வேண்டாம். அந்த ஒன்றேகால் மணி நேரம் தொலைக்காட்சியை நிறுத்தவும் ஆங்கிலம் வேண்டாம். வாரம் ஒருமுறை செய்யுங்கள், போதும்.

நாம் வெறுமையாக விட்ட எட்டு இடங்கள் இன்றும் நம் கண்முன் நிற்கின்றன. நம் பிள்ளைகளின் தாளில் ஓர் இடமும் அப்படி வெறுமையாக இருக்கக் கூடாது.