தேங்கும் நீரில் பிறக்கும் நோய்



இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம் கன்னியாகுமரி. 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணை, பெருஞ்சாணி அணை, பழையாறு, ஊர்தோறும் குளங்கள் என்று நீர்வளம் நிறைந்த நாஞ்சில் நாட்டில் காய்ச்சல் ஏன் பரவுகிறது? நீரை நாம் வைத்திருக்கும் விதத்தில்தான் அதற்கு விடை இருக்கிறது.

நாகர்கோவிலுக்குக் குடிநீர் தருவது முக்கடல் அணை. கோடையில் அதன் நீர்மட்டம் இறங்கினால், குழாயில் தண்ணீர் வரும் நாட்களுக்கு இடையே இடைவெளி கூடும். வீடுகளில் டிரம்மிலும் தொட்டியிலும் பிடித்து வைப்பார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அதுவே போதும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் அது முட்டையிடும். முட்டைகள் காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். மீண்டும் நீர் பட்டால் பொரியும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை உட்சுவரைத் தேய்த்துக் கழுவி, கொசு புகாதபடி மூட வேண்டும். சீரான குடிநீர் விநியோகமும் டெங்கு ஒழிப்புப் பணிதான்.

குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களைப் பாருங்கள். மழையில் பால்வெட்டு நிற்கும்போது, பால் பிடிக்க மரத்தில் வைத்திருக்கும் சிரட்டைகளில் மழைநீர் நிற்கும். ஏடிஸ் அங்கும் வளரும். வெட்டு இல்லாத நாட்களில் சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்தால் போதும், செலவே இல்லை.

குளங்களுக்கு வருவோம். சாக்கடை கலந்த குளத்தில் ஆகாயத்தாமரை செழிக்கும். மான்சோனியா கொசுவின் புழு மூச்சுக்காக நீரின் மேல் வராது. இத்தகைய செடிகளின் வேரைத் துளைத்துக் காற்றை உறிஞ்சும். பழைய திருவிதாங்கூரின் சேர்த்தலைப் பகுதியில் யானைக்கால் நோயைப் பரப்பியது இந்தக் கொசுதான். இதற்கு நீரின் மேல் எண்ணெய் தெளிப்பது பெரிதாக உதவாது. செடியை அகற்ற வேண்டும். அது மீண்டும் படராதிருக்க, சாக்கடையையும் தடுக்க வேண்டும்.

சுசீந்திரம், தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. பறவைகளுக்காக உலகம் போற்றும் இந்தக் குளங்களை, நம் பிள்ளைகளின் உடல்நலத்துக்காகவும் நாம் காக்க வேண்டும்.

நேயர்களே, வீட்டுக் கழிவுநீரைக் குளத்திலோ கால்வாயிலோ விடாதீர்கள். குளம் தூர்வாரும் கோரிக்கையை அடுத்த கிராமசபையில் எழுப்புங்கள். தண்ணீர்த் தொட்டியை இன்றே கழுவுங்கள்.