லாடம் எப்போது தேவை, எப்போது தேவையில்லை?

(மீஞ்சூர், பொன்னேரி வட்டார உழவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாடு வாங்கும்போது பல்லைப் பார்க்கிறோம், சுழியைப் பார்க்கிறோம், திமிலைப் பார்க்கிறோம். காலைத் தூக்கிக் குளம்பின் அடிப்பக்கத்தைப் பார்ப்பவர் மிகச் சிலரே. ஜோடியில் ஒரு மாடு நொண்டினால் இரண்டு மாடும் கொட்டகையில் நிற்கும். பருவமோ நமக்காகக் காத்திருப்பதில்லை. ஆகவே, மாட்டுக்கும் குதிரைக்கும் லாடம் அடிப்பதா, வேண்டாமா என்பதை எப்படி முடிவு செய்வது என்று இன்று பார்ப்போம்.

லாடம் அடித்தால் காலுக்கு வலு வரும் என்று சிலர் எண்ணுகிறார்கள். ஆணி அடிப்பதே பாவம் என்று வேறு சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டும் சரியல்ல. லாடம் வலுவைக் கொடுப்பதில்லை; தேய்மானத்தைத் தடுக்கிறது. அவ்வளவே அதன் வேலை.

வளர்ச்சியும் தேய்மானமும்

குளம்பின் வெளிச்சுவர் நம் நகத்தைப் போன்றது. அதில் உணர்ச்சி இல்லை, வளர்ந்துகொண்டே இருக்கும். மாட்டுக்கு மாதம் சுமார் 5 மில்லிமீட்டரும், குதிரைக்கு 8 முதல் 10 மில்லிமீட்டர் வரையும் வளர்கிறது. மாதத்தில் வளர்வதும் தேய்வதும் சமமாக இருந்தால் லாடம் தேவையில்லை. தேய்வது மிகுந்தால் லாடம் வேண்டும். வளர்வது மிகுந்தால் வெட்டிச் சீர்செய்தால் போதும்.

வயலின் ஈரச் சேற்றில் குளம்பு அதிகம் தேய்வதில்லை. அங்கு லாடம் போட்டால், சேறு காலைப் பிடித்து இழுக்கும்போது அது தளர்ந்து கழன்றுவிடும். கழன்ற ஆணி வேறு மாட்டின் காலில் ஏறும். இதனால்தான் தஞ்சை, நாகைப் பகுதிகளில் சேற்று உழவுக்குப் பெயர்பெற்ற உம்பளாச்சேரி மாடுகளுக்கு வயல் வேலையில் லாடத்தின் தேவை எழுவதில்லை. கருங்கல் சல்லியும் தாரும் போட்ட சாலையில் நாள்தோறும் பாரம் இழுக்கும் மாட்டின் நிலை வேறு.

வடசென்னைச் சாலைகள்

இராயபுரம் இரயில் நிலையம் 1856-இல் திறக்கப்பட்டது. துறைமுகமும் கிடங்குகளும் பெருகியபின் அப்பகுதியில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலையில் மாட்டு வண்டிகளுக்குப் பெரும் பங்கு இருந்தது. சுற்றுக் கிராமங்களின் காய்கறி கொத்தவால் சாவடிக்குச் சென்றது. 1996-இல் அந்தச் சந்தை கோயம்பேட்டுக்கு மாறியது. இன்று எண்ணூர், திருவொற்றியூர் சாலைகளில் பெட்டக லாரிகளே நிறைந்துள்ளன. நாள் முழுவதும் நகரச் சாலையில் நடந்த வண்டி மாட்டுக்கு லாடம் இன்றியமையாததாக இருந்தது. அந்த வழக்கத்தை இன்று வயலில் மட்டும் உழைக்கும் மாட்டுக்கும் அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை.

நம் வட்டாரத்தில் மற்றொரு சிக்கல் உண்டு. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பருவத்துக்குப் பருவம் அதே மாடு சேற்றில் உழுகிறது. அறுவடைக்குப் பின் சாலையில் வண்டி இழுக்கிறது. நீரில் ஊறிய குளம்பு மெதுவாகிவிடும். மெதுவான குளம்பு சல்லியில் மிக விரைவாகத் தேயும். எனவே சேற்று உழவு முடிந்த கையோடு நெடுந்தூரப் பாரத்துக்கு மாட்டைப் பூட்டாதீர்கள். சில நாட்கள் உலர்ந்த தரையில் கட்டுங்கள். தொடர்ந்து சாலைப் பாரம் இருக்குமானால் அந்த மாதங்களுக்கு மட்டும் லாடம் அடியுங்கள். அடுத்த சேற்று உழவுக்கு முன் கழற்றி, குளம்பின் ஓரத்தை அரத்தால் உருட்டிவிடுங்கள்.

முடிவு செய்யும் முறை

1. மாதத்தில் எத்தனை நாள், எவ்வளவு தூரம் கெட்டிச் சாலையில் நடக்கிறது என்று கணக்கிடுங்கள்.

2. குளம்பைக் கழுவி, அடிப்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கினால் அது மிகவும் மெலிந்துவிட்டது என்று பொருள். மேலும் சீவக் கூடாது. மாட்டுக்கு ஓய்வு தேவை.

3. கெட்டித் தரையில் நடத்திப் பாருங்கள். தயங்கித் தயங்கி அடி வைத்தால் காரணத்தைக் கண்டறிந்த பிறகே லாடத்தைப் பற்றி எண்ண வேண்டும். கோமாரிப் புண்ணோ, மூட்டு வீக்கமோ, குளம்பிடையில் சீழோ இருந்தால் லாடம் அதை ஆற்றாது.

வழவழப்பான தார்ச்சாலையில், குறிப்பாக மழை நாளில், இரும்பு லாடம் வழுக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அடிக்கும்போது கவனிக்க வேண்டியவை

மாட்டின் குளம்பு பிளவுபட்டது. ஆகவே காலுக்கு இரண்டாக நான்கு கால்களுக்கும் எட்டுத் தகடுகள் தேவை. ஆணி வெளி ஓரத்துச் சுவரில் மட்டுமே இறங்க வேண்டும். இரு பிளவுகளுக்கு இடைப்பட்ட உட்சுவர் மெல்லியது. அங்கு ஆணி கூடாது. குளம்பைச் சீவினால் சுவருக்கு உட்புறம் வெளிறிய கோடு ஒன்று தெரியும். அதைத் தாண்டினால் உயிர்ச்சதை. குளம்புக்கு ஏற்பத் தகட்டை வளைக்க வேண்டுமேயன்றி, தகட்டுக்கு ஏற்பக் குளம்பைச் செதுக்கக் கூடாது.

மாட்டைக் கீழே தள்ளிக் கட்டுவதானால், காலையில் தீவனம் வைப்பதற்கு முன், மணலிலோ வைக்கோல் பரப்பிலோ செய்யுங்கள். லாடம் அடித்த அன்றோ, அடுத்த சில நாட்களிலோ மாடு நொண்டினால், குளம்பு சுட்டால், தட்டும்போது காலை வெடுக்கென்று இழுத்தால், ஆணி சதையைத் தொட்டிருக்கலாம். உடனே அந்த ஆணியை எடுத்து, அயோடின் மருந்திட்டு, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நம் பகுதியினர் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் நாடலாம்.

குதிரை வளர்ப்போருக்கு

அந்தியூர் ஆடித் திருவிழாச் சந்தையில் குதிரை வாங்கி வருவோர் இன்றும் உள்ளனர். மணலிலும் மண் தரையிலும் அளவாக ஓடும் குதிரை லாடமின்றி இருக்கலாம். ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டுச் செனபோன், குளம்பு இறுகக் குதிரையைக் கூழாங்கற்கள் பரப்பிய தரையில் நிறுத்தும்படி எழுதியிருக்கிறார்.

லாடத்துக்குப் பழகிய குதிரைக்கு அதைக் கழற்றினால், சில வாரங்கள் மெத்தென்ற தரையில் விட்டுப் பழக்க வேண்டும். மறுநாளே சல்லியில் ஓட்டக் கூடாது. லாடம் இருந்தால் 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை கழற்றி, வளர்ந்த குளம்பைச் சீவி மீண்டும் அடிக்க வேண்டும். ஆணிக் காயத்தால் ரண ஜன்னி எனப்படும் டெட்டனஸ் குதிரைக்கு எளிதில் வரும், தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள்.

சட்டமும் நம் நலனும்

நொண்டும் மாட்டை வேலைக்குப் பூட்டுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 1965-ஆம் ஆண்டு விதிகளின்படி, பார வண்டி மாட்டை நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேலோ, இடைவிடாமல் 5 மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கக் கூடாது. வெப்பம் 37 டிகிரி செல்சியசைத் தாண்டும் பகுதியில் பகல் 12 முதல் 3 மணி வரை பூட்டவும் கூடாது. கொதிக்கும் தார்ச்சாலையில் நடக்கும் காலுக்கு இந்த ஓய்வு எவ்வளவு தேவை என்பதை நீங்களே அறிவீர்கள்.

எனவே, பக்கத்து வீட்டு மாட்டுக்கு அடித்தார்கள் என்று நம் மாட்டுக்கும் அடிக்காமல், வாரம் ஒருமுறை குளம்பைத் தூக்கிப் பார்த்து, அது செய்யும் வேலையையும் நடக்கும் தரையையும் கருதி முடிவு செய்து பயனடையுமாறு கேட்டுக்கொள்கிறேன்.